மீற்றர் சொன்னால் சரி

"சிவப்பு இலக்கம் வந்திட்டுதோ, தம்பி?" என்று டெஸ்மன்ட் மூன்றாம் தரமாகக் கேட்டார். வந்துவிட்டது. அதைப் பார்த்து மகன் அனோஜுக்குச் சந்தோஷம் வரவில்லை.

புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் மல்கிரேவ் வீட்டுக் கராஜில் இரண்டு நாளாக அப்பாவும் மகனும் கறண்ட் அளக்கிற அந்தக் கைமீற்றரோடு மாரடித்தார்கள். டெஸ்மன்ட் கொழும்பில் ரேடியோ திருத்துகிற கடை வைத்திருந்த காலத்தில் வாங்கியது. உள்ளே கிடந்த பழைய பற்றரிகள் கசிந்து தகடெல்லாம் பச்சை பூத்திருந்தது. வினாகிரி தொட்டுத் துடைத்து, சுரண்டி, புதுப் பற்றரி நாலை ஒரு சின்னக் கூட்டில் அடுக்கி வயர் பற்றவைத்த பிறகுதான் அந்தச் சாமான் கண் திறந்தது.

இவ்வளவு பாடும் ஒரு தண்ணீர்ப் பைப்புக்காக. தோட்டத்துப் பைப்பைத் தொட்டால் கறண்ட் அடிக்கிறது என்று டெஸ்மன்ட் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் வேறு ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை.

சொல்கிறவர் யார் என்பதையும் பார்க்க வேண்டுமே. போன கிழமை காஸ் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, மறந்துபோய்ப் படுத்தவர். மருமகள் டில்ஷாவை, செத்துப்போன மனைவியென்று நினைத்து "டொறத்தி" என்று கூப்பிடுகிறவர். அவரைத் தனியே விட்டுப் போகப் பயந்து டில்ஷா பார்த்த வேலையையும் விட்டுவிட்டாள்.

முதியோர் இல்லமொன்றில் இடம் வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். டெஸ்மன்ட் போகமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். கடைசியில் ஒரு வழியையும் அவரேதான் சொன்னார்.

"நீ கடையில வாங்கியந்த கறண்ட் பாக்கிற ரெஸ்ரரை நான் நம்பமாட்டன். என்ர மீற்றரால பாப்பம். அது கறண்ட் இல்லையெண்டு காட்டினால் என்ர தலைதான் பிழை. பிறகு நான் ஒரு கதையும் கதைக்கமாட்டன், போறன்."

தேத்தண்ணி கொண்டுவந்த டில்ஷா புருஷனைக் கராஜ் வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"உண்மையாப் போவாரோ?"

"போவார். பைபிளுக்கு அடுத்தது அவருக்கு அந்த மீற்றர்தான்."

"நீங்கள் அந்தப் பைப்பைத் தொட்டுப் பாத்தனீங்களோ, அனோஜ்?"

"பாத்தனான். நீ உள்ள போ."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். ஒரு மாதமாக அவள் சரியாக நித்திரை கொள்ளவில்லை. அதைப் பார்த்துப் பார்த்து அனோஜுக்கு நெஞ்சு வெந்துபோயிருந்தது.

மேசையில் கிடந்த ஒரு பற்றரியில் மீற்றரின் இரண்டு வயரையும் வைத்துப் பார்த்தான். ஒன்றரை என்று காட்டியது. டெஸ்மன்ட் முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"பாத்தியோ, என்ர மீற்றர் பொய் சொல்லாது. இனிக் குமிழைத் திருப்பு. பற்றரிக்கு இடப்பக்கம், வீட்டுக் கறண்டுக்கு வலப்பக்கம். மாறி நிண்டால் ஒண்டும் காட்டாது."

"தெரியும் அப்பா. வாங்கோ, இருட்ட முதல் பாத்திட்டு வருவம்."

டெஸ்மன்டுக்குக் கண்ணில் புரை. குமிழைச் சுற்றியிருந்த எழுத்தெல்லாம் அவருக்குத் தெரிவதில்லை, கிட்டப் பிடித்தால் எரிகிற சிவப்பு இலக்கம் மட்டும்தான் தெரியும். வழக்கம்போல வெறுங்காலோடு சேற்றில் இறங்கினார். மழை அப்போதுதான் விட்டிருந்தது. அனோஜ் திரும்பிப் போய்ச் சப்பாத்தைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தான்.

ஈர மண்ணில் ஒரு நீட்டு ஸ்குறூட்றைவரைக் குத்தி, கறுப்பு வயரை அதில் மாட்டினான். சிவப்பு வயரைப் பைப்பில் மாட்டினான். குமிழின் மேல் பெருவிரல் கிடக்க, மீற்றரை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தான்.

டெஸ்மன்ட் உள்ளங்கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். பூச்சியம்.

"இன்னொருக்கா மாட்டிப் பார், தம்பி."

கழற்றி மாட்டினான். அப்போதும் பூச்சியம்தான்.

பாவம், மனிதர் அந்தப் பூச்சியத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப என்ர தலைதான்," என்றார். "நீங்கள் சொன்னது சரி. இல்லத்துக்கு ஓமெண்டு சொல்லி என்னைக் கொண்டுபோய் விடு. இந்த மீற்றரை நீயே வைச்சிரு, எனக்கு இனி என்னத்துக்கு."

அனோஜ் வயர்களைக் கழற்றிச் சுற்றினான். "உள்ள வாங்கோ, அப்பா" என்றான்.

குசினிக் கதவடியில் நின்ற டில்ஷா எல்லாவற்றையும் கேட்டாள். இவர் போனால் போதுமென்று இருந்தவள்தான். ஆனால் அவர் தலையைக் குனிந்து கண்ணீர் விட்டுக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்க்க அவளுக்கு மனம் கேட்கவில்லை. செருப்பைக்கூடத் தேடாமல் ஈரப் புல்லில் ஓடிவந்து மாமனாரின் கையைப் பிடித்தாள்.

"அழாதேங்கோ மாமா. ஐயோ, காலெல்லாம் சேறு. நில்லுங்கோ, நான் கழுவி விடுறன்."

சொல்லிக்கொண்டே குனிந்து பைப்பைத் திறக்கக் கையை நீட்டினாள். அனோஜ் பாய்ந்து வந்து அவளைப் பிடித்து இழுத்தான்.

"தொடாத டில்ஷா, கறண்ட் அடிக்கும்."