நூற்று ஐந்து கிலோ

இதய நோயாளிகளை மாதம் ஒருமுறை வரவழைத்து எடை பார்க்கும் ஆராய்ச்சி அது. உடம்பில் நீர் கோத்தால் எடைதான் முதலில் காட்டிக்கொடுக்கும் என்பதால், அங்கிருந்த நர்ஸ் அரைக் கிலோவைக்கூட விட்டுவைக்க மாட்டாள்.

ஓய்வுபெற்ற தபால்காரரும் அவர் மனைவியும் இரண்டு வருடமாகச் சேர்ந்தே வந்தார்கள். அவர் ஐம்பத்தெட்டு கிலோ, அந்தம்மா நாற்பத்தேழு. ஒரு நாள் வீட்டில் மூச்சுத் திணறிய மனைவியை, லிஃப்ட் ஓடாததால், முதுகில் சுமந்துகொண்டு நான்கு மாடி இறங்கினார். தெருவுக்கு வந்தபோது உயிர் இல்லை.

அடுத்த முறை தனியாக வந்தார். மெஷின் நூற்று ஐந்து காட்டியது. நர்ஸ் தானே ஏறிப் பார்த்தாள். அவள் எடையைச் சரியாகத்தான் காட்டியது.

"பையில ஏதாச்சும் வச்சிருக்கீங்களாய்யா?"

"ஒண்ணுமில்லம்மா." முதுகு வளைந்து, ஒரு கையைப் பின்னால் கொடுத்து நின்றார். "அப்படியே எழுதிக்கோ."

எழுதினாள். அதற்கடுத்த மாதமும் நூற்று ஐந்துதான். கால் வீங்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. முகத்தில் ஒரு தெளிவுகூட இருந்தது.

மூன்றாம் மாதம் ஐம்பத்தெட்டு. நர்ஸுக்கு அப்போதுதான் நிம்மதியாக இருந்தது.

"பழைய எடைக்கே வந்துட்டீங்கய்யா!" என்றாள் சிரித்தபடி.

அவர் சிரிக்கவில்லை. இறங்கி மறுபடி ஏறினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணைக் குனிந்து பார்த்தார். இன்னொரு முறை, மெதுவாக, ஆடாமல் ஏறி நின்றார்.

"நல்லாப் பாரும்மா," என்றார். "வாசல் வரைக்கும்கூட இருந்தாளே."