எழுதக் கூடாத விலை

"சர்க்கரை கிலோ எவ்வளவுங்க?"

"அறுபத்தி நாலு."

"அளந்து ஊத்தற எண்ணெய்?"

"லிட்டர் நூத்தி எண்பது."

கடை வாசலில் நின்ற பேராசிரியைக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வாரம் இதே கடைக்காரர் அவருக்குப் போட்ட பில்லில் எண்ணெய் நூற்றைம்பது, சர்க்கரை ஐம்பது. அந்த பில் இப்போதும் கைப்பையில் இருந்தது.

கேள்வி கேட்ட பெண் புள்ளியியல் துறைக்காரி. மாதா மாதம் கடை கடையாக ஏறி விலை எழுதிக்கொண்டு போவது அவள் வேலை. அந்த எண்களை வைத்துத்தான் விலைவாசி இத்தனை சதவீதம் ஏறியது என்று அறிவிப்பு வரும். அதைப் பார்த்துத்தான் மத்திய வங்கி வட்டியை ஏற்றும், இறக்கும்.

முப்பது வருஷம் கல்லூரியில் இதையே பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர் பேராசிரியை. பென்ஷன் கிடையாது. வங்கியில் போட்டு வைத்த பணத்தின் வட்டிதான் சாப்பாடு. ஆனாலும் ரெண்டு வருஷத்துக்கு முன் வட்டியைக் குறைத்தபோது, "குறைக்கட்டும், தொழில் பெருகும்" என்று முதல் ஆளாகக் கை தட்டியவர்.

அன்றிலிருந்து காலை நடைக்குப் போகும் பூங்காவில் தினமும் சண்டைதான்.

"வட்டியைக் குறைச்சாலும் குறைச்சாங்க, விலைவாசி எகிறிப் போச்சு!" என்பார் ரிட்டயர்டு இன்ஜினியர்.

"எங்கே எகிறுச்சு? என் மளிகை பில்லைக் கொண்டு வந்து காட்டட்டுமா? ரெண்டு வருஷமா அப்படியே இருக்கு. எல்லாம் டிவிக்காரங்க கிளப்பி விடற பீதி!"

வாயோடு விடவில்லை. பத்திரிகைக்குக் கடிதமே எழுதிப் போட்டார். அச்சில் வந்தது.

வழக்கமாகப் போனில் சொன்னால் சாமான் வீடு தேடி வந்துவிடும். இன்றைக்குப் போன் மண்டையைப் போட்டதால்தான் நேரில் வந்தார். வந்த இடத்தில் கள்ளத்தனம் கையும் களவுமாகச் சிக்கியது.

'விற்கிறது ஒரு விலை, சர்க்காருக்குச் சொல்றது ஒரு விலையா? நாலு பேர் இப்படிப் புளுகினால் நாட்டுக் கணக்கு என்னத்துக்கு ஆகும்?'

உள்ளே போகாமல் தெருமுனையில் காத்திருந்து அந்தப் பெண்ணை மடக்கினார்.

"ஏம்மா, ஒரு நிமிஷம். அந்த மளிகைக்காரர் உங்கிட்ட வாய் கூசாமப் பொய் சொல்றார். இந்தா, போன வாரம் எனக்குப் போட்ட பில். நீயே பாரு."

அவள் பில்லைப் பார்த்தாள். பிறகு பேராசிரியையைப் பார்த்தாள்.

"பில்லுல 'மாடி வீடு'ன்னு போட்டிருக்கே, அது நீங்கதானா, மேடம்?"

"ஆமா. அதுக்கென்ன?"

"வாய் வார்த்தையை மட்டும் நம்பி நாங்க எழுத மாட்டோம். பில் புக்கையும் வாங்கிப் பார்ப்போம். அதுல எல்லாருக்கும் நூத்தி எண்பதுதான் போட்டிருக்கார். அவருக்கு வாங்கற விலையே நூத்தி அறுபத்தஞ்சு."

"அப்போ இது?"

"மாசா மாசம் இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் பழைய விலை. என்னன்னு கேட்டேன். 'அதை எழுதிடாதீங்கம்மா, அது விலை இல்லை'ன்னார்."

அவள் போய்விட்டாள். பேராசிரியை பில்லை மறுபடி விரித்துப் பார்த்தார்.

ரெண்டு வருஷம். வட்டி குறைந்தும் ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைக்கவில்லை. டீயில் சர்க்கரையைக் குறைக்கவில்லை. தன் சிக்கனம், தன் சாமர்த்தியம் என்றல்லவா நினைத்திருந்தார்! அந்த நினைப்பிலேயே ஊரோடு சண்டை போட்டு, பேப்பரிலும் எழுதி...

நாளைக்குப் பூங்காவுக்குப் போய் இன்ஜினியரிடம் தோற்றுப்போனதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் போக வேண்டிய இடம் ஒன்று இருந்தது.

கடைக்குத் திரும்பினார். நன்றி சொல்லத்தான் போனார். வாயில் வந்ததோ வேறு.

"ஏம்ப்பா, நான் உங்கிட்டக் கை நீட்டினேனா? யார் உன்னைத் தர்மம் பண்ணச் சொன்னது?"

கடைக்காரர் கையிலிருந்த தராசுத் தட்டைக் கீழே வைத்தார். திருடிவிட்டு அகப்பட்டவர் மாதிரி விழித்தார்.

"அந்தப் பொண்ணு சொல்லிடுச்சாம்மா?"

"நஷ்டத்துக்கு விற்கிறியே, உனக்கும் குடும்பம் இருக்கில்ல?" கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை அகப்படவில்லை; பில்லாலேயே ஒற்றிக்கொண்டார். "இத்தனை நாளா உன் தயவுல சாப்பிட்டிருக்கேன். அது தெரியாம உன்னையே பொய்யன்னு நினைச்சேன். நீ நல்லா இருக்கணும்ப்பா. ஆனா இனிமே எனக்கும் எல்லாருக்கும் போடற விலையையே போடு."

"தர்மம் எல்லாம் இல்லைங்கம்மா." அவர் மூலையிலிருந்த பெரிய ஃப்ரிட்ஜைக் காட்டினார். "இதுக்குக் கடன் வாங்கியிருந்தேன்ல, அதோட தவணை ஒரு மாசம் திடீர்னு குறைஞ்சு வந்துச்சு. பேங்க்ல ஏதோ தப்புப் பண்ணிட்டாங்கன்னு பயந்து உங்ககிட்டதான் ஓடி வந்தேன். தப்பு இல்லை, டெபாசிட்டுக்கும் கடனுக்கும் வட்டியைக் குறைச்சிருக்காங்கன்னு உட்கார வச்சுச் சொன்னீங்க. 'அப்போ எனக்கு மிச்சமாகற இந்தக் காசு யாரோடதும்மா?'ன்னு கேட்டேன்."

பேராசிரியைக்குச் சுத்தமாக நினைவில்லை.

"நான் என்னப்பா சொன்னேன்?"

"சிரிச்சுக்கிட்டே, 'என்னோடதுதாம்ப்பா'ன்னு சொன்னீங்க."