நல்ல கண்

"முதுகுல ஊசி போடுவாங்களாப்பா?"

"இல்லம்மா. இந்த மெஷினுக்குள்ள தெரியற வெளிச்சத்தப் பாத்தா போதும், கண் நரம்பைப் படம் எடுத்துடும்."

மகள் இமைக்காமல் பார்த்தாள். டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு, "நரம்பு நல்லா இருக்கு, ஒரு குறையும் இல்ல" என்றார்.

அப்பா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

டாக்டர் இன்னொரு படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தார். வெளியே அம்மா மடியில் படுத்திருந்த இரட்டைச் சகோதரியின் கண் அது. ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இவளை வரச் சொல்லியிருந்தார்கள். அந்தப் படத்தில் நரம்பு மெலிந்துபோயிருந்தது.

"ஸ்கேனும் முதுகுல ஊசி போட்டு எடுத்த நீரும் சொன்னதையேதான் இதுவும் சொல்லுது சார். அவளுக்கு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ்தான், நரம்போட உறையை அரிக்கிற நோய். ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சிட்டோம், மருந்தைத் தொடங்கிடலாம்."

மகள் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னோடது நல்லா இருக்குன்னு அவகிட்ட சொல்லாதீங்கப்பா."