கெட்டிமேளச் சத்தம்

"உங்க டிவி ஸ்பீக்கரை ஓட்டற ரிசீவர் பவரே இந்த ஹாலுக்கு ஜாஸ்தி சார். தனியா பவர் ஆம்ப் எதுக்கு?"

கடலூரிலிருந்து ஆம்ப்ளிஃபயரோடு சிதம்பரத்தில் அன்பரசின் வீட்டுக்கு வந்திருந்த சகாய ஆனந்த், ஸ்பீக்கர் ஒயரை முறுக்கிக்கொண்டே கேட்டான்.

"ஒரு பேச்சு தெளிவா கேக்கணும்," என்றான் அன்பரசு.

டிவியில் அவனுடைய கல்யாண வீடியோ ஓடியது. தாலி கட்டும் நேரத்தில் எழிலரசி சிரித்தபடி அவன் காதருகே ஏதோ சொல்கிறாள். மேளச் சத்தம் அதை விழுங்கிவிடுகிறது. அவள் சொன்னது என்ன என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

"சரியாப்போச்சு! வேற எந்தச் சத்தமும் காதுல விழக்கூடாதுன்னுதான சார் கெட்டிமேளமே கொட்றாங்க?"

"தெரியும். ஏத்துங்க."

ஆனந்த் சத்தத்தை ஏற்றினான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தவில் நெஞ்சில் வந்து இடித்தது. எழிலரசியின் உதடு மட்டும்தான் அசைந்தது.

மேளம் ஓய்ந்ததும், இதுவரை அந்த வீடியோவில் கேட்டிராத ஒரு குரல் துல்லியமாகக் கேட்டது. அன்பரசின் குரல்தான்.

"ஒண்ணும் கேக்கல எழில். வீட்டுக்குப் போயி சொல்லு."

ஆனந்த் சிரித்துவிட்டான். "இதுக்கா சார் இந்தப் பாடு? அக்கா வந்ததும் நேராவே கேட்டுடுங்க."

அன்பரசு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போன வாரம்தான் அவளுக்குக் காரியம் முடிஞ்சுது."

ஆனந்த் ஒயரைக் கீழே வைத்தான்.

"மூணு வருஷம் இந்த வீட்லதான் இருந்தா, ஆனந்த். கேக்க மறந்துட்டேன்."