புலி படுத்திருக்கு

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பி இரண்டு நிறுத்தம்கூடத் தாண்டவில்லை. அதற்குள் கண்டக்டர் அந்தோணிராஜ் ஏழு தடவை போனை எடுத்துப் பார்த்துவிட்டார்.

ஒன்றும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன மனுஷன். இன்றைக்கு வியாழன். ஒரு காயை நகர்த்த நாலு நாளா?

பூக்கூடைக்காரம்மாவுக்கு இரண்டாவது டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். அந்தம்மா முதல் டிக்கெட்டை எடுத்துக் காட்டி முறைத்த பிறகுதான் நினைப்பு வண்டிக்குள் வந்தது.

நினைப்பெல்லாம் வாட்ஸப்பில் கிடந்தது. ‘ஆட்டமும் பாட்டும்’ என்று ஒரு குழு. பேகம்பூர் ஃபாரிஸ் தொடங்கியது. ஆடுபுலி, தாயம், சதுரங்கம் என்று எந்தக் கிறுக்குப் பிடித்தவரும் வரலாம். காயை நகர்த்திப் படம் எடுத்துப் போட வேண்டும். கூடவே பிடித்த பாட்டு ஒன்றும் போட வேண்டும். எதிராளி அதை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த காயைத் தொடலாம். ஃபாரிஸைத் தவிர சொந்தப் பேரை யாரும் சொல்வதில்லை.

அந்தோணிராஜுக்கு அங்கே ‘ரூட் பஸ்’ என்று பேர். எப்போதும் ஆடுகள்தான் அவருக்கு. எதிரே எப்போதும் ‘கிழட்டுப் புலி’. அந்த ஆள் போடுகிற பாட்டெல்லாம் மறுநாள் பென் டிரைவில் ஏறி, ரெட்டியார்சத்திரம் வரைக்கும் பஸ்ஸில் அலறும்.

எட்டு மாசமாக இதே கூத்து.

கிழட்டுப் புலியிடம் ஒரு கோணங்கித்தனம் உண்டு. ஓர் ஆட்டை வெட்டியதும், ‘புலி படுத்திருக்கு, நீங்க ரெண்டு நகர்த்துங்க’ என்று எழுதும். தின்ற புலி ஒரு முறை படுத்து எழ வேண்டுமாம்! முதல் தடவை குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. ‘எந்த ஊருச் சட்டம் இது?’ என்று ஃபாரிஸ் கேட்டான். ரூட் பஸ் மட்டும் சிரிக்கவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. பேசாமல் இரண்டு ஆட்டை நகர்த்தினார்.

போன ஞாயிறும் அப்படித்தான். ஓர் ஆட்டைத் தின்றுவிட்டு, ‘புலி படுத்திருக்கு. நாளைக்கு மதுரையில நெஞ்சு ஆபரேஷன். எந்திரிச்சா மிச்சத்தை ஆடுவோம்’ என்று எழுதியது.

எந்திரிச்சா. அந்த ஒரு வார்த்தையைத்தான் நாலு நாளாக அந்தோணிராஜ் திரும்பத் திரும்பப் படிக்கிறார்.

எல்லோரும் கும்பிடுகிற கையைப் போட்டார்கள். அவர் போடவில்லை. அன்றைக்கே இரண்டு ஆட்டை நகர்த்தினார். பாட்டுக்குப் பதிலாக, இதுவரை போடாத ஒன்றைப் போட்டார்: கோயில் திருவிழாவில் பதிவு செய்த பேண்டு செட் வாசிப்பு. அதை யார் யார் பார்த்தார்கள் என்று அமுக்கி அமுக்கிப் பார்ப்பதே இப்போது வேலை. முப்பத்தோரு பேர் பார்த்திருக்கிறார்கள். கிழட்டுப் புலி பார்க்கவில்லை.

நம்பர் கண்ணெதிரே கிடக்கிறது. அமுக்கினால் மணி அடிக்கும், யாராவது எடுப்பார்கள். எடுத்து என்ன செய்தி சொல்வார்கள்? அதற்கும் முன்னால், ‘நீங்க யாரு?’ என்று கேட்டால் இவர் என்ன சொல்வது? விரல் அதுவரை போய்ப் போய்த் திரும்பிவிடுகிறது.

இருப்புக் கொள்ளவில்லை. முன் படிக்கும் பின் படிக்கும் நடையாய் நடந்தார்.

"ஏப்பா, மூஞ்சி தெரியாத ஆளுக்கு இம்புட்டுப் பதட்டமா? பாட்டையாவது போடு" என்றார் டிரைவர் பெரியகருப்பன்.

பாட்டுப் போட மனசு வரவில்லை. நாலு நாளாக பஸ் ஊமையாகத்தான் ஓடுகிறது.

ரெட்டியார்சத்திரத்தில் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் துடித்தது.

கிழட்டுப் புலி.

படம் இல்லை, பாட்டு இல்லை. எழுத்து மட்டும்.

‘நான் அவரோட மக அன்புக்கரசி. அப்பா இப்பத்தான் நல்லாக் கண்ணு முழிச்சாங்க. வாயத் தொறந்ததும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, அந்தோணி ரெண்டு ஆட்டையும் நகர்த்திட்டானான்னு. இந்த குரூப்புல யாரைச் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியல.’

ஃபாரிஸ் உடனே எழுதினான்: ‘அல்ஹம்துலில்லாஹ்! ஆனா இங்க அந்தோணின்னு யாரும் இல்லையேம்மா.’

அந்தோணிராஜ் படிக்கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

தின்ற புலி படுக்க வேண்டும் என்ற சட்டம் உலகத்திலேயே ஒரு வீட்டில்தான் இருந்தது. சேவுகம்பட்டியில். ஆடுகளையெல்லாம் பறிகொடுத்துவிட்டு ஏழு வயசுத் தம்பி வீடு அதிர அழுதபோது, அண்ணன் சேவியர் அவனுக்காகவே போட்ட சட்டம். அந்த அண்ணன்தான் அம்மாவின் அடக்கத்துக்கு பேண்டு செட் வேண்டும் என்றார். கூடவே கூடாது என்று தம்பி மறித்தான். சவப்பெட்டிக்கு முன்னால் கைகலப்பாகிப் போனது. பத்தொன்பது வருஷமாகப் பேச்சில்லை.

முதல் ஆடு வெட்டுப்பட்ட அன்றே எதிரே இருப்பது யாரென்று அந்தோணிராஜுக்குத் தெரிந்துவிட்டது. தனக்கு மட்டும்தான் தெரியும் என்று எட்டு மாசமாக நினைத்துக்கொண்டிருந்தார், மடச்சாம்பிராணி.

முன்னால் பெரியகருப்பன் விசிலுக்காக ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். கண்ணீர் மறைத்ததில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தான் தட்ட முடிந்தது.

‘நகர்த்திட்டேண்ணே. தின்ன புலி படுத்துத்தான் இருக்கணும், அவசரப்பட்டு எந்திரிக்க வேணாம். நான் வாரேன்.’