பெட்டியில் மிச்சம்

பேட்டரிப் பெட்டியின் மூடியில் இருந்த கடைசித் திருகாணியையும் கழற்றினாள்.

உள்ளே எல்லாம் சரியாக இருந்தது. கருகவில்லை. உப்பவில்லை.

எதுவாவது கருகியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

சுவரோரம் அண்ணனின் கட்டில், மெத்தையைச் சுருட்டி வைத்தபடி. தலைமாட்டில் ஆக்சிஜன் மெஷின். கரண்ட் போனாலும் அது ஓட வேண்டும் என்று அவளே செய்து கொடுத்த பெட்டி இது. கம்பெனியில் பேட்டரிகளைச் சோதிப்பதுதானே அவளுக்கு வேலை.

அன்று கரண்ட் போனதும் அண்ணி பெட்டியின் சுவிட்சை அமுக்கியிருக்கிறாள். மெஷின் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்துவிட்டு, ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடினாள். ஆட்டோவோடு வந்தபோது அண்ணனுக்கு மூச்சு இல்லை.

அதற்குப் பிறகு அண்ணி வாசலைத் தாண்டவில்லை.

இப்போது அறைக் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கு நான் சுவிட்ச மாத்தி அமுக்கிட்டனா கண்ணு?"

"இல்லீங்க அண்ணி. சரியாத்தான் அமுக்கியிருக்கீங்க. பேட்டரி தீந்துருச்சு."

அண்ணி அங்கேயே உட்கார்ந்து அழுது தீர்த்தாள். பிறகு முகம் கழுவினாள். பால் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு, ஸ்டாண்டை ஒட்டிய கடைக்குக் கிளம்பிப் போனாள்.

பெட்டிக்குள் அந்தப் பச்சை சர்க்யூட் போர்டு.

பேட்டரி அடியோடு வற்றினால் கெட்டுப்போகும். அதற்கு முன்பே, கொஞ்சம் சார்ஜ் மிச்சமிருக்கும்போதே நிறுத்திவிடுவது போர்டின் வேலை. எப்போது நிறுத்த வேண்டும் என்று அதற்குச் சொல்லி வைத்தது அவள்தான். கம்பெனியில் வைப்பதைவிடக் கொஞ்சம் முன்னதாகவே வைத்தாள். அப்படி வைத்தால் பெட்டி பத்து வருடம் உழைக்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தாள்.

அண்ணனுக்குப் பத்து வருடமும் வேண்டியிருக்குமே என்ற ஆசை. பாழாய்ப்போன ஆசை.

அன்று நின்ற பெட்டியை யாரும் மறுபடி சார்ஜில் போடவில்லை.

போர்டை விலக்கிவிட்டு ஒயரை நேராக இணைத்தாள்.

மெஷின் ஓடத் தொடங்கியது.

நின்றுவிடும் என்று பார்த்தாள். நின்றுவிடு என்று கெஞ்சினாள்.

குழாயின் நுனியை உள்ளங்கையில் பிடித்தாள். காற்று வந்தது.

வந்துகொண்டே இருந்தது.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

அண்ணி செருப்பைக் கழற்றுவதற்குள் ஒயரைப் பிடுங்கினாள்.