சுவரில் ஒட்டிய சாக்லேட்

சாக்லேட் கடைச் சுவரில் மைதாப் பசை தடவி ஒட்டிய பழைய விளம்பரம் ஒன்று இருந்தது. அதில் ஒரு பசுமாடும், சாக்லேட்டைக் கடிக்கப்போகும் குண்டுக் கன்னக் குழந்தையும் இருந்தன. விளம்பரத்துக்குப் பின்னால் குடியிருந்த கரப்பான்பூச்சி தினமும் அதன் மூலையைக் கொறித்துவிட்டு, "சாக்லேட்டுன்னா இதுதான்!" என்று ஏப்பம் விடும்.

கீழே கூடையில் கிடந்த கொக்கோ விதைக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, அது வெறும் காகிதமும் பசையும். சாக்லேட்டை என்னை வச்சுத்தான் செய்யறாங்க."

கரப்பான் இறங்கி வந்து விதையைக் கடித்துப் பார்த்தது. "தூ! ஒரே கசப்பு. படத்துல மாடு இருக்கு, புள்ளை இருக்கு. நீ எங்கடா இருக்கே?"



மறுநாள் கடைக்காரர்கள் விதையைக் கூடையோடு தூக்கிப்போய் வறுத்தார்கள், அரைத்தார்கள், பாலும் சர்க்கரையும் சேர்த்து அச்சில் ஊற்றினார்கள். கரப்பானிடம் நல்ல பேர் வாங்கினால் போதும் என்று விதை அத்தனையையும் பொறுத்துக்கொண்டது. பளபளவென்று சாக்லேட்டாகித் திரும்பி வந்ததும், "இப்போ கடிச்சுப் பாருங்கண்ணே!" என்றது.

கரப்பான் கடித்தது. மீசை சிலிர்த்தது. இன்னொரு கடி கடித்தது.

"பரவாயில்லை தம்பி, நல்லா முன்னேறிட்டே," என்றது. "ஆனா ஒரிஜினல்ல இருக்கற அந்தப் பசை ருசி இன்னும் வரலை."